அணைத்தால் தெரிகிற உருவம்: டேவிட் சாண்ட்பெர்கின் குறும்படங்களை ஒரே இரவில் பார்த்தபோது

காசு கொடுத்து வாங்காத பொருளுக்கு எதற்கு விமர்சனம் என்று என் அக்காள் கேட்டார். யூடியூபில் இலவசமாகக் கிடைக்கும் சில குறும்படங்களைப் பற்றி நான் இரண்டு நாளாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வி. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, கோலாலம்பூரின் செந்தூலில் இருக்கும் அவருடைய அடுக்குமாடி வீட்டில் அந்தப் படங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்த ஐந்து பேரில் மூன்று பேர் அன்று கூடத்து விளக்கை அணைக்காமலே படுத்தோம். ஆகவே மின்சாரக் கட்டணத்தையாவது விலையாகக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்று பதில் சொல்லிவைத்தேன்.

நான் குறிப்பிடுவது டேவிட் எஃப். சாண்ட்பெர்க் என்னும் சுவீடன் நாட்டு இயக்குநர் போனிஸ்மாஷர் என்ற விளையாட்டுப் பெயரில் நடத்திவரும் யூடியூப் அலைவரிசையை. அனிமேஷனும் ஆவணப்படமும் செய்துகொண்டிருந்த இவர், 2013இல் கோத்தன்பர்க் நகரில் தாம் குடியிருந்த வீட்டுக்குள்ளேயே, மனைவி லோட்டா லோஸ்டெனை நடிக்கவைத்துத் திகில் குறும்படங்கள் எடுக்கத் தொடங்கினார். ஒரு வீடு, ஒரு நடிகை, சில விளக்குகள், மூலதனம் அவ்வளவுதான். இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும் அந்தத் தொடக்கக் காலப் படங்களில் வசனம் என்று சொல்லத்தக்கது அநேகமாக எதுவுமில்லை. ஆதலால் துணைத்தலைப்புக் கவலை இல்லாமல், ஆங்கிலம் வாசிக்க வராத எங்கள் அம்மாவும், கல்லூரி விடுமுறையில் வந்திருந்த அக்காள் மகனும் ஒரே நொடியில் ஒரே காட்சிக்குப் பயந்தார்கள். பக்கத்திலிருப்பவருக்குக் கதை சொல்லிக்கொண்டே படம் பார்க்கும் வேலை அன்று எனக்கு மிச்சம்.

வரிசையில் முதலில் பார்க்கவேண்டியது ‘லைட்ஸ் அவுட்’. மூன்று நிமிடத்துக்கும் குறைவான படம். உறங்கப் போகும் பெண் ஒருத்தி நடைவழி விளக்கை அணைக்கிறாள். இருட்டின் கோடியில் ஓர் உருவம் நிற்கிறது. விளக்கைப் போடுகிறாள், யாருமில்லை. அணைக்கிறாள், நிற்கிறது. போடுகிறாள், இல்லை. இப்படி நாலைந்து முறை அந்தச் சுவிட்ச் மேலும் கீழும் போய்வந்த பிறகு, உருவம் இருந்த இடத்தில் இருக்கவில்லை. பிறகு அவள் சுவிட்ச் தானாக இறங்காதபடி அதன்மேல் ஒட்டுப்பட்டையை ஒட்டிவிட்டுப் படுக்கைக்கு ஓடுகிறாள். மீதியை நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த ஒட்டுப்பட்டை பிய்கிற ஓசை, நான் கேட்ட திகில் பட ஓசைகளிலெல்லாம் மலிவானது, மறக்க முடியாதது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இடியும் இல்லை, வயலின் கூச்சலும் இல்லை. ஸ்டேஷனரி கடையில் ஓரிரு ரிங்கிட்டுக்கு விற்கிற பட்டையின் சத்தம், அவ்வளவே.

படம் முடிந்ததும் அம்மா கேட்டதுதான் இந்தப் படத்தைப் பற்றிக் கேட்கத்தக்க ஒரே கேள்வி என்று இப்போது நினைக்கிறேன். “ஏன்டா, இவ எதுக்குத் திரும்பத் திரும்ப விளக்க அணைக்கிறா? எரியிறத எரியவிட்டுட்டுப் போய்ப் படுக்க வேண்டியதுதானே?” அம்மா பிறந்து வளர்ந்தது கோல சிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் லயத்து வீட்டில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். தோட்டத்து மின்சார எஞ்சின் இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். அதோடு எல்லா லயத்திலும் விளக்கு போய்விடும். அவருடைய சிறுவயதுப் பயம் முழுவதும் அந்தப் பத்து மணியோடு சேர்ந்தது. அங்கே இருட்டு யாரோ ஒருவர் எங்கோ இருந்துகொண்டு அனுப்புவது. அதைத் தடுக்கவும் முடியாது, வரவழைக்கவும் முடியாது. சாண்ட்பெர்கின் பெண்ணுக்கோ சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இருட்டை வரவழைப்பவள் அவளேதான். பார்த்துவிட்டோம், உண்மைதானா என்று இன்னொரு முறை பார்த்துவிடுவோம் என்கிற, நம் எல்லாரிடமும் இருக்கும் அந்த அரிப்புத்தான் அவள் விரலை மறுபடியும் சுவிட்சுக்குக் கொண்டுபோகிறது. அம்மாவின் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தபோதுதான், இந்தப் படத்தின் பயம் பேயிடம் இல்லை, விரலிடம் இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதில் வித்தை என்று பெரிதாக ஒன்றுமில்லை, அதுவே இதன் பெருமையும்கூட. கேமராவை ஒரே இடத்தில் அசையாமல் ஊன்றிவிட்டு, உருவம் நிற்கிற காட்சியையும் இல்லாத காட்சியையும் தனித்தனியே எடுத்து ஒட்டினால் இந்த விளைவு கிடைத்துவிடும். சினிமா பிறந்த காலத்திலேயே பிரான்சில் ஜார்ஜ் மெலியே செய்துகாட்டிய வேலைதான். சாண்ட்பெர்க் சேர்த்தது அந்த வெட்டுக்கு ஒரு காரணத்தை. அந்தப் பழைய படங்களில் ஆள் மறைவதும் தோன்றுவதும் மந்திரவாதியின் கைவீச்சில் நடக்கும். இங்கே ஒவ்வொரு வெட்டும் சுவிட்சின் ‘டிக்’ என்னும் ஓசையோடு விழுகிறது. படத்தொகுப்பாளர் செய்யவேண்டிய வேலையை வீட்டு மின்கம்பி செய்வதுபோலத் தோன்றுகிறது. மூன்றாவது ‘டிக்’ வரும்போது நமக்கே தாளம் பிடிபட்டுவிடுகிறது. பிடிபட்ட தாளத்தை எந்த இடத்தில் முறிக்கவேண்டும் என்பதில் மட்டும் இவருடைய காது மிகக் கூர்மையாக இருக்கிறது.

இந்தப் படம் ஒரு போட்டிக்காக எடுக்கப்பட்டது. பிளடி கட்ஸ் என்ற திகில் குறும்படக் குழுவினர் 2013இல் நடத்திய அந்தப் போட்டியில் படத்துக்கு முதற்பரிசு கிடைக்கவில்லை. சிறந்த இயக்குநர் பரிசு மட்டும் கிடைத்தது. சில மாதங்கள் சும்மா கிடந்த படம் 2014இல் இணையத்தில் திடீரென்று பற்றிக்கொண்டது. அமெரிக்காவிலிருந்து முகவர்களும் தயாரிப்பாளர்களும் தொடர்புகொண்ட வேகத்தில், யாரிடம் என்ன பேசினோம் என்பது மறந்துபோகாமலிருக்க ஓர் அட்டவணையே போட்டு வைத்துக்கொண்டதாக அவர் பின்னர் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். கடைசியில் அதை முழுநீளப் படமாக்கத் தயாரிப்பாளராக வந்து நின்றவர்களில் ஒருவர் ஜேம்ஸ் வான். மலேசியர்களான நமக்கு அந்தப் பெயரில் கொஞ்சம் உரிமை உண்டு, ஏனென்றால் அவர் சரவாக்கின் கூச்சிங்கில் பிறந்து, சிறுவயதிலேயே ஆஸ்திரேலியாவுக்குப் போனவர். அவருமே தம் ‘சா’ படத்துக்கு முதலீடு தேட, நண்பர் லீ வானெல்லுடன் சேர்ந்து 2003இல் அதன் ஒரு காட்சியைக் குறும்படமாக எடுத்துக் காட்டித்தான் வாய்ப்பைப் பிடித்தார். குறும்படத்தைக் கதவு தட்டும் கையாகப் பயன்படுத்தியவருக்கு, அதே கையோடு வந்த இன்னொருவரை அடையாளம் தெரிந்ததில் வியப்பில்லை.

முழுநீளப் படம் 2016 ஜூலையில் வெளிவந்தது. 81 நிமிடம். ஏறத்தாழ 4.9 மில்லியன் டாலரில் எடுத்து, உலகமெங்கும் 148 மில்லியன் டாலர் அளவுக்கு வசூலித்தது. தொடக்கக் காட்சியில், உடைப் பொம்மைகள் நிற்கிற இருண்ட தொழிற்கூடத்தில் விளக்கை அணைத்துப் போடுகிற பணியாளராக லோட்டா லோஸ்டெனே வருகிறார். குறும்படம் பார்த்தவர்களுக்கு அது சிறிய பரிசு. படத்தின் மிகச் சிறந்த பகுதியும் அந்தத் தொடக்கமே. அதற்குப் பிறகு பேய்க்குப் பெயர் வந்துவிடுகிறது, ஊர் வந்துவிடுகிறது, நோய் வந்துவிடுகிறது, மருத்துவமனைக் கோப்பு வந்துவிடுகிறது. வரலாறு கூடக்கூட என் பயம் குறைந்துகொண்டே போனது.

இந்த இடத்தில் எங்கள் வீட்டில் கருத்து இரண்டாகப் பிரிந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அம்மாவுக்குக் குறும்படத்தைவிட முழுநீளப் படமே பிடித்தது. குறும்படம் முடிந்தவுடன் “அந்த வீட்டுல யாரு செத்தா?” என்று கேட்டவர் அவர்; அதற்கு விடை கிடைக்காதது அவருக்குப் பெரிய குறை. நம் மண்ணின் பேய்கள் அப்படித்தானே வளர்ந்திருக்கின்றன? பேறுகாலத்தில் மாண்ட பெண்தான் போந்தியானாக் ஆகிறாள். பிடரியில் ஆணி அடித்தால் அடங்குகிறாள். ஓராங் மின்யாக் என்னும் எண்ணெய் மனிதன் எண்ணெய் பூசிக்கொண்டதற்கு ஒரு வேண்டுதல் கதை இருக்கிறது. 1957இல் கேத்தே-கெரிஸ் நிறுவனம் மரியா மெனாடோவை நடிக்கவைத்துப் போந்தியானாக் கதையைப் படமாக்கியபோது, அதை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ். மலாய்ப் பேயை இந்தியக் கண்ணால் படம்பிடித்த அந்தக் காலத்திலிருந்தே இந்தப் பகுதியின் திகில் படம் என்றால் ஓர் அநியாயம், ஓர் ஆவி, ஒரு பரிகாரம் என்ற மூன்றும் வேண்டும். சாண்ட்பெர்கின் குறும்படங்களில் மூன்றுமே கிடையாது. எனக்கு அது விடுதலையாக இருந்தது. அம்மாவுக்கோ உப்பில்லாத சோறு. இந்த அலைவரிசைக்குள் நுழைகிற நம்மவர்கள், எந்தக் கட்சி என்று முன்கூட்டியே தங்களைச் சோதித்துக்கொள்வது நல்லது.

மற்றக் குறும்படங்களுக்கு வருவோம். ‘லைட்ஸ் அவுட்’டுக்கு முன்பே எடுத்த ‘கேம் குளோசர்’ கைப்பேசிக் கேமராவை வைத்துக்கொண்டு விளையாடுகிறது: கண்ணுக்கு முன்னால் இருப்பது ஒன்று, கைப்பேசித் திரையில் தெரிவது இன்னொன்று. யோசனை நன்றாக இருக்கிறது. கை இன்னும் பழகவில்லை. 2014இல் வந்த ‘பிக்சர்ட்’ சட்டம்போட்ட ஒரு படத்தைச் சுற்றி நடப்பது, ஒருமுறை பார்க்கலாம். 2015இன் ‘அட்டிக் பேனிக்’ பரணில் வெள்ளைத் துணி போர்த்திய பொருள்களுக்கு நடுவே நடக்கிறது. துணி போர்த்திய உருவம் என்றதும் குழந்தைகள் விளையாடுகிற பேய் நினைவுக்கு வந்து சிரிப்பு வரவேண்டும். முதல் அரை நிமிடம் எங்களுக்கும் வந்தது. சிரித்த வாயை மூடவைக்கத் தெரிந்திருக்கிறது இவருக்கு.

நான் நின்று பேச விரும்புவது 2016இல் வந்த ‘குளோசட் ஸ்பேஸ்’ பற்றி. திகில் என்று மட்டும் சொல்லி இதை ஒதுக்கிவிட முடியாது. இது அறிவியல் புனைவின் கணக்கோடு நடக்கிற கதை. வீட்டில் ஓர் அலமாரி. அதற்குள் எதை வைத்தாலும் அது இரண்டாகிவிடுகிறது. எப்படி, ஏன் என்ற விளக்கம் இல்லை. யந்திரம் இல்லை, விஞ்ஞானி இல்லை, ஒளிரும் குமிழ் எதுவும் இல்லை. மளிகைக் கடை விலைகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற எவருக்கும் முதலில் தோன்றுவது எதுவோ அதுவேதான் இங்கேயும் தோன்றுகிறது. என் அக்காள் உடனே “பத்து கிலோ அரிசிய வச்சா இருபது கிலோ” என்று கணக்குப் போட்டுவிட்டார். அட்சய பாத்திரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த அலமாரி அந்நியமானது அல்ல. ஆனால் நம் பாத்திரம் அள்ளித்தரும், பிரதி எடுக்காது. எடுத்தது பிரதி, வைத்தது அசல் என்று எப்படித் தெரியும், ஆளே உள்ளே போய்விட்டு வந்தால் வெளியே வருகிறவர்களில் வீட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்விகள், யாரும் வாயால் கேட்காமலே, அலமாரிக் கதவு திறந்து மூடுகிற வேகத்தில் நம்மை வந்து சேர்கின்றன. ஒரு விதி, அதை மாற்றாமல் கடைசிவரை கொண்டுபோகிற பிடிவாதம்: நல்ல அறிவியல் புனைவுக்கு வேறென்ன வேண்டும்? இந்த வரிசையில் ஒன்றுக்கு மட்டும்தான் நேரம் இருக்கிறது என்கிறவர்களுக்கு எல்லாரும் ‘லைட்ஸ் அவுட்’டைப் பரிந்துரைப்பார்கள். நான் இதைப் பரிந்துரைக்கிறேன்.

அதனால்தான் இவர்மீது எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. கணக்கை இவ்வளவு சுத்தமாகப் போடத் தெரிந்தவர், பெரும்பாலும் கணக்கை முடிக்காமல், கடைசி நொடியில் ஒரு கோரமான முகத்தைத் திரைக்குள் தள்ளிவிட்டுக் கடையைச் சாத்திவிடுகிறார். முதல் படத்தில் அது அதிர்ச்சி. மூன்றாவது படத்தில் வழக்கம். ஐந்தாவது படம் ஓடிக்கொண்டிருக்கும்போது எங்கள் வீட்டு இளைஞன் “மாமா, இன்னும் பத்து செகண்ட்ல மூஞ்சி வரும்” என்று எண்ணத் தொடங்கிவிட்டான். பெரும்பாலும் சரியாகவும் எண்ணினான். இணையத்தில் தனித்தனியாக, மாதக்கணக்கான இடைவெளியில் பார்க்கும்போது இந்தப் பழக்கம் உறுத்தாது. ஒரே இரவில் அடுக்கிப் பார்த்தால் நன்றாகவே உறுத்துகிறது. இரவு முழுவதும் படம் ஓட்டப்போகிறவர்கள் ஒவ்வொரு படத்துக்கும் நடுவே ஒரு தேநீர் இடைவேளை விடுவது நலம்.

முழுநீளப் பட உலகத்துக்குப் போன பிறகு இவர் என்ன ஆனார் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017இல் ‘அனபெல் கிரியேஷன்’. 15 மில்லியன் டாலர் செலவில் எடுத்து 300 மில்லியனைத் தாண்டியது. 2019இல் ‘ஷசாம்’. சிறுவர்கள் பார்க்கிற சாகசப் படத்துக்குள் ஒரு நிறுவனத்தின் நிர்வாகக் குழுக் கூட்டம் நடக்கிற அறையில், பிசாசுகள் புகுந்து ஆள்களைத் தூக்கி வீசுகிற காட்சியை வைத்துவிட்டு இவர் எந்தப் பள்ளியில் படித்தவர் என்று காட்டிக்கொடுத்தார். அதன் இரண்டாம் பாகம் 2023இல் வந்து சறுக்கியது. 2025இல் ஒரே இரவு மீண்டும் மீண்டும் நிகழ்கிற ‘அண்டில் டான்’ வழியே திகிலுக்கே திரும்பினார். இவற்றை மதிப்பிடுவது என் நோக்கம் இல்லை. நான் எடுத்துக்கொண்டது வீட்டுக்குள் எடுத்த படங்களை மட்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி, அவர் வீட்டுக்குள் படம் எடுப்பதை விட்டுவிடவில்லை என்பது. 2020இல் நோய்த்தொற்று எல்லாரையும் கதவுக்குப் பின்னால் அடைத்துவைத்தது. நாமும் மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ்ச் சன்னல் வழியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது நூறு மில்லியன் டாலர்ப் படம் எடுத்து முடித்திருந்த இவர், மறுபடியும் வீட்டுக்குள், மறுபடியும் லோட்டாவை மட்டும் வைத்துக்கொண்டு, ‘ஷேடோட்’, ‘நாட் அலோன் இன் ஹியர்’ என்று இரண்டு குறும்படங்களை எடுத்தார். ‘ஷேடோட்’ படத்தில் மின்சாரம் நின்றுபோகிறது; கைவிளக்கின் வெளிச்சத்தில், அறையில் இல்லாதவற்றின் நிழல்கள் சுவரில் விழுகின்றன. ‘லைட்ஸ் அவுட்’டின் விதியை அப்படியே தலைகீழாக்கியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். அங்கே இருட்டில் உருவம், வெளிச்சத்தில் ஒன்றுமில்லை. இங்கே நிழல் விழுவதற்கு வெளிச்சம் வேண்டும். ஆகவே விளக்கை அணைத்தாலும் ஆபத்து, ஏற்றினாலும் ஆபத்து. ஏழு ஆண்டுக்காலத்தில் இவர் கற்றுக்கொண்டது என்ன என்பது இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் விளங்கும். இம்முறை அம்மா எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. எஞ்சின் நின்ற லயத்தில் அரிக்கன் விளக்கின் நிழல் எவ்வளவு பெரிதாக விழும் என்று மட்டும் சொன்னார்.

படங்களுக்கு அப்பால் இந்த அலைவரிசையில் இன்னொரு சரக்கு இருக்கிறது. என் மதிப்பீட்டில் அதுவே இதன் நிரந்தரமான பகுதி: படங்களை எப்படி எடுத்தார் என்று அவரே உட்கார்ந்து விளக்கும் காணொளிகள். எந்தக் காட்சி எந்தச் சிறிய ஏமாற்றால் நின்றது, எது சரிப்படவில்லை, பெரிய படப்பிடிப்பில் எங்கே கணக்குத் தவறியது என்பதையெல்லாம் குரலை உயர்த்தாமல், தம்மைத் தாமே கேலி செய்துகொண்டு சொல்கிறார். பாடம் நடத்துகிற தோரணை இல்லை. பட்டறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டுகிற தோரணை. இவை ஆங்கிலத்தில் இருப்பதால் அம்மாவுக்குப் பயன்படவில்லை என்பது உண்மை. கல்லூரி இளைஞனோ, படங்களைவிட இவற்றை அதிக நேரம் பார்த்தான்.

கோலாலம்பூரில் தமிழ்க் குறும்படம் எடுக்கிற இளைஞர்களுக்காகவே இந்தப் பத்தியை எழுதுகிறேன். கடந்த சில ஆண்டுகளில் போட்டி மேடைகளில் நான் பார்த்த நம்மவர் திகில் படங்களில் பலவும், இரட்டைக் கோபுரத்தின்மீது டிரோன் பறக்கவிட்டுத் தொடங்கின. எதற்கென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, பேய் எதுவும் அந்தக் கோபுரத்தில் குடியிருக்கவில்லை. பணம் கேமரா வாடகைக்குப் போய்விடுகிறது. ஒலிப்பதிவுக்கு மிச்சம் இருப்பதில்லை. வசனம் கேட்காத குறையை மறைக்கப் பின்னணி இசை காதைக் கிழிக்கிறது. நாம் வாழ்கிற வீடுகளோ திகிலுக்கென்றே கட்டியவைபோல இருக்கின்றன. பழைய அடுக்குமாடிகளின் நீண்ட பொது நடைவழிகள், பாதி விளக்கு எரியாத படிக்கட்டுகள், இரும்புக் கம்பிக் கதவுக்குப் பின்னால் எப்போதும் மினுக்கிக்கொண்டிருக்கும் சாமி மாடத்துச் சிவப்பு விளக்கு, மூன்றாம் மாடியில் மட்டும் காரணமின்றித் திறந்து மூடுகிற மின்தூக்கி. இவற்றை விட்டுவிட்டு, பாழடைந்த பங்களாவைத் தேடி ஊர் ஊராக அலைகிறோம். தமிழ்நாட்டில் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்துப் பழகிய கார்த்திக் சுப்பராஜ், 2012இல் ‘பீட்சா’வில் படத்தின் பெரும்பகுதிப் பயத்தை ஒரே வீட்டுக்குள் ஒரு கைவிளக்கை வைத்துச் சாதித்ததும் இதே வழியில்தான். வசதி இல்லாததைக் குறையாக எண்ணி மூடி மறைக்காமல், அந்த இல்லாமையையே கதையின் விதியாக ஆக்கிக்கொள்வது எப்படி என்பதை, சாண்ட்பெர்கின் பத்து நிமிடக் காணொளி ஒன்று காட்டிவிடுகிறது.

பார்க்கும் வசதியைப் பற்றியும் சில வார்த்தைகள். கைப்பேசியில் பார்த்தால் திரையில் உங்கள் முகமே பிரதிபலித்து, இருண்ட காட்சிகளில் எது உருவம், எது நீங்கள் என்று தெரியாமல் போகும். சிலர் அதையே சிறப்பு என்று சொல்லக்கூடும். நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்தோம். செந்தூலில் முழு இருட்டு கிடைப்பது எளிதல்ல. நடைவழி விளக்கு கண்ணாடிப் பட்டைச் சன்னலின் ஊடே கோடுகோடாக விழுந்தது. சிறிது நேரத்துக்கு ஒருமுறை ரயில் போகிற ஓசை வந்தது. எதிர் வீட்டில் பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. படுக்கைத் துணியைச் சன்னலில் கட்டிய பிறகே நிலைமை சீரானது. காதொலிப்பான் இருந்தால் அவசியம் பயன்படுத்துங்கள், ஏனென்றால் இந்தப் படங்களில் பாதி வேலையைக் கால் அரவமும் கதவுக் கீலும்தான் செய்கின்றன. மாதக் கட்டணம் செலுத்தாதவர்களுக்கு விளம்பரங்கள் வரும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த படத்துக்குக் காத்திருந்த நேரத்தில் துணி துவைக்கும் சோப்புத் தூள் விளம்பரம் வந்து, வெள்ளைத் துணிகள் கொடியில் ஆடின. அடுத்து வந்தது ‘அட்டிக் பேனிக்’ என்பதால் அதை விளம்பரதாரரின் நகைச்சுவை என்றே எடுத்துக்கொண்டோம். படங்கள் யூடியூபில் இருப்பதால் திரையரங்கு வாசலில் வயதைக் கேட்பதுபோல் இங்கே கேட்பார் யாருமில்லை. ரத்தமோ ஆபாசமோ நாங்கள் பார்த்த படங்களில் இல்லை. ஆனாலும் பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அருகில் வைத்துக்கொள்ளாதீர்கள், அன்றிரவு கழிவறைக்குத் துணை போகிற வேலை உங்கள் தலையில்தான் விழும்.

பார்க்கிற வரிசை கேட்டால் நான் சொல்வது இது: முதலில் ‘லைட்ஸ் அவுட்’, உடனே ‘ஷேடோட்’, ஒரு தேநீர், பிறகு ‘அட்டிக் பேனிக்’, கடைசியில் ‘குளோசட் ஸ்பேஸ்’. மற்றவற்றை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். மொத்தமும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முழுநீளப் படத்தை விருப்பமிருந்தால் மறுநாள் பார்க்கலாம்.

அக்காள் மகன் அந்த வீட்டின் நான்காம் மாடிப் படிக்கட்டில் மூன்று நிமிடப் படம் ஒன்று எடுக்கப்போவதாகச் சொல்லி, விளக்குப் பிடிக்க என்னை அழைத்திருக்கிறான். டிரோன் இல்லை என்று அவனாகவே சொன்னான். கடைசியில் முகம் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு நான் ஒப்புக்கொண்டேன். அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.